வேட்டைப் படகில் மாமாவும் நானும்

ஹராரே விமான நிலையத்தில் மாமாவின் பையைத் திறந்த அதிகாரி முதலில் பச்சரிசிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்து எள். அடுத்து, காய்ந்து சுருண்டுபோன துளசி. "விதை, இலை எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாது" என்றார். நான் அதை மாமாவிடம் சொன்னேன்.

"ஏனாம்?"

"முளைச்சிடும்னு பயப்படறாங்க மாமா."

"எள்ளு வெதைக்கவா நாம இவ்ளோ தூரம் வந்தோம்? எதுக்குன்னு சொல்லேன்."

எதற்கு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பொட்டலங்கள் மூன்றும் குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. இறந்தவருக்கு இறைக்கும் அரிசி என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அன்று எனக்கு வாய் வரவில்லை.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் வீடு. சுனாமியில் குடும்பத்தின் படகு போன பிறகு, டீசல் மெக்கானிக் படித்திருந்த என் கணவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினார். கடைசியாக ஜிம்பாப்வேயில், கரிபா என்ற ஏரியில், வேட்டைக்காரர்களை ஏற்றிச் செல்லும் ஒரு பெரிய படகில் இன்ஜின் பார்க்கும் வேலை. அந்தக் கரையோரக் காடுகளுக்குச் சாலை கிடையாது. அதனால் படகுதான் முகாம். காட்டெருமையும் நீர்யானையும் சுட அனுமதிச் சீட்டு வாங்கி வருபவர்கள் ஒரு வாரம் அதிலேயே தங்கி, சின்னப் படகில் கரைக்குப் போய்ச் சுட்டுவிட்டுத் திரும்புவார்கள். இரண்டு வருடம் அதில் இருந்தார். 2009 மே மாதம் ஏரி அவரைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. நீரில் மூழ்கி இறந்தார் என்று போலீஸ் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை நான் தமிழில் சொன்னபோது அத்தை, அவருடைய அம்மா, அழவில்லை. "கடல்காரப் புள்ள, ஏரியில முழுவிட்டானா? வேற எதாவது எழுதச் சொல்லு" என்றார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். தண்ணீரில் போய் உடல் கிடைக்காதவரை, போன இடத்துக்கே படகில் சென்று, ரத்த சொந்தத்தில் ஒருவர் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூப்பிட்ட பிறகுதான் கருமாதி. அதுவரை என் கழுத்தில் தாலி இருக்கும், அவருடைய கைலி கொடியில் தொங்கும், அத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை எடுத்துத் துவைத்துத் திரும்பப் போடுவார். மூன்று மாதம் அப்படித்தான் போனது. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் நானும் போக வேண்டியதாயிற்று. மூன்று வயது கயலை, சிதம்பரத்தில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பால் பாட்டில் நிப்பிளைக் கொதிநீரில் போடச் சொன்னேனா இல்லையா என்று சென்னை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

படகின் சொந்தக்காரர் மூன்று தலைமுறைக்கு முன்பு குஜராத்திலிருந்து போன குடும்பம். அந்த இடம் கரிபா ஊர்த் துறையிலிருந்து ஒன்றரை நாள் படகுப் பயணம், தனியாகப் படகு விட முடியாது, ஆகஸ்டில் வேட்டைக்கு ஒரு தம்பதி வருகிறார்கள், அவர்களோடு வேண்டுமானால் வரலாம், விருந்தினர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இருந்தாலும் மகனைக் கூப்பிடப் போகிற அப்பா தொந்தரவா என்று எனக்கு ஒரு நாள் முழுக்கக் கோபம். பிறகு, அழைக்கிறாரே அதுவே பெரிது என்று நன்றி எழுதினேன்.

ஹராரேயிலிருந்து கரிபாவுக்குப் பேருந்து. பாதி வழியில் ரேடியேட்டர் புகைந்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். பயணிகள் தாங்களாகவே இறங்கி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்கள். எனக்குக் குறிஞ்சிப்பாடியில் நின்றுபோகும் வடலூர் பஸ் ஞாபகம் வந்தது. நம் ஊராக இருந்தால் இதற்குள் கண்டக்டரோடு நாலு பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். பக்கத்து இருக்கை அம்மாள் அவித்த சோளக் கதிரைப் பாதியாக ஒடித்து மாமாவிடம் கொடுத்தாள். "நீங்கள் வேட்டைக்கா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை, அங்கே என் கணவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னோமா உண்மை சொன்னோமா என்று எனக்கே தெரியவில்லை.

கரிபாவில் படகுச் சொந்தக்காரரின் அலுவலகத் தொலைபேசியிலிருந்து சிதம்பரத்துக்குப் பேசினேன். அம்மா எடுத்து, "கயலு, இங்க வா, வெளிநாட்டுலேருந்து" என்று சொல்லித் தொலைத்தாள்.

கயல் ஓடி வரும் சத்தம் கேட்டது. "அப்பா?" என்றாள்.

அவளுக்கு அப்பா என்றால் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கரகரவென்று, ஒரு நொடி தாமதித்து வரும் ஒரு குரல். போனுக்கு முத்தம் கொடுப்பாள், அதைத் துணியில் சுற்றித் தூங்க வைப்பாள்.

"அம்மாடா" என்றேன். போன் கன்னத்தில் உரசும் சத்தம். பிறகு, "அப்பாகிட்ட குடு" என்றாள்.

*

படகு இரண்டு அடுக்கு. மேலே விருந்தினர் அறைகள், சாப்பாட்டு மேசை, சாய்வு நாற்காலிகள். கீழே சமையல், இன்ஜின், பணியாளர்கள், இறைச்சிக்கு இரண்டு பெரிய ப்ரீசர், தோலைப் பதப்படுத்த உப்பு மூட்டைகள். பின்னால் இரண்டு அலுமினியப் படகுகள் கயிற்றில் ஆடிக்கொண்டு வந்தன. வேட்டைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அமெரிக்கர். உடன் அவர் மனைவி மார்கரெட். வழிகாட்டி ஒருவர், சமையல்காரர், புதிய மெக்கானிக். பிறகு லக்சன். ஐம்பது வயது இருக்கும், அந்தக் கரைக்காரர், படகை ஓட்டுபவர். எங்கள் பைகளை வாங்கும்போது அவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். ஜாடை அப்படி.

புதிய மெக்கானிக் என்னை இன்ஜின் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் வெள்ளைப் பெயின்டால் ஏதோ எழுதியிருந்தது, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, முக்கியமாக இருக்குமோ என்று மூன்று மாதமாகத் துடைக்காமல் விட்டிருக்கிறேன் என்றார். என் கணவரின் கையெழுத்து. 'ஆயில் மாத்தியாச்சு.' 'வலது பில்டர் ஒழுகுது, பாக்கணும்.' 'பெல்ட் ஒன்னு ஸ்பேர் வாங்கணும்.' கடைசியில், கொஞ்சம் தள்ளி, 'ஞாயிறு கயல்.' நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். கடைசி வரி என்ன என்று கேட்டார். அது இன்ஜின் சம்பந்தப்பட்டதில்லை என்றேன்.

அன்று மத்தியானம் சட்சா என்ற சோள மாவுக் களியும் கப்பென்டா என்ற சின்ன மீன் கருவாட்டு வறுவலும். மாமா ஒரு மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெத்திலி மாதிரி இருக்குது. ஆனா உப்பு பத்தல. நல்ல தண்ணி மீனுல்ல." வாயில் போட்டு மென்றார். "போன்ல சொல்லுவான், இங்க ஒரு கருவாடு இருக்குதுப்பா, நீ தின்னா திட்டுவேன்னு. திட்டத்தான் செய்யணும்."

சொல்லிவிட்டு இன்னொரு பிடி எடுத்துக்கொண்டார்.

*

மறுநாள் காலை தண்ணீருக்குள் நிற்கும் காட்டைப் பார்த்தோம். அணை கட்டியபோது முழுகிய மரங்கள். இலை இல்லை, பட்டை இல்லை. வெளுத்த எலும்பு மாதிரி, கண்ணுக்கு எட்டிய வரை நின்றன. பிச்சாவரத்தில் மரங்கள் தண்ணீரில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே வேர் தெரியும், நண்டு ஊரும், படகு போகும்போது இலை தலையில் உரசும். தண்ணீரில் நிற்பதாலேயே ஒரு மரம் செத்துப் போகும் என்பது எனக்குப் புதிது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

கரைச் சேற்றில் முதலைகள் வரிசையாகப் படுத்திருந்தன. மாமா முதலில் மரக்கட்டை என்றுதான் நினைத்தார். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் பிறந்த ஊர் சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடக் கரை. எங்கள் ஆற்றில் முதலை உண்டு. ஆடு போகும், மாடு போகும், எப்போதாவது ஆள். மாலை நாலு மணிக்கு மேல் துறையில் யாரும் இறங்க மாட்டோம். கல்லூரியில் விலங்கியல் எடுத்தபோதும் அந்தப் பாடத்தை மட்டும் நான் படம் பார்க்காமல்தான் படித்தேன்.

கடலூர்க்காரர்களுக்கு அந்தப் பயம் தெரியாது. கடலில் காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள். தண்ணீரில் இறங்குவதற்குப் பயப்பட மாட்டார்கள். புரோப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டால் அங்கே செய்வது ஒன்றுதான். இன்ஜினை நிறுத்திவிட்டு, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு ஆள் கீழே முழுகுவார், அறுத்துவிட்டு ஏறுவார். யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. என் கணவர் இந்த ஏரிக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், தண்ணியில இறங்காதீங்க என்று நான் போனில் அழுதேன். சிரித்தார். கயல் தலைமேல் சத்தியம் செய்யுங்கள் என்றேன். குழந்தை தலைமேல் எதற்கு என்று கோபப்பட்டார். பிறகு ஒரு நாள் அவராகவே, "அதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன், நீ தூங்கு" என்றார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது இன்னொன்றும் உண்டு. ஏப்ரலில் அவருக்கு விடுமுறை தருவதாகச் சொன்னார்கள். ஜூனில் வாங்க, கயலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றைக்கு அப்பா கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னது நான். நான் சொன்னதற்காகத் தள்ளிப்போட்டாரா, அவருக்கே அப்படித் தோன்றியதா என்றும் கேட்கவில்லை.

அன்று பல் மருத்துவர் ஒரு இம்பாலா மானைச் சுட்டுக்கொண்டு வந்தார். கீழ்த்தளத்தில் தோலை உரித்து உப்புப் போட்டார்கள். மாமா ஓரமாக நின்று பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை.

"மடிப்புல உப்பு போவல பாரு. அங்கதான் மொதல்ல நாறும். தள்ளச் சொல்லு அம்மாடி."

நான் சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, காதின் உள்பக்கம், கால் ஓரம் எல்லாம் விரலால் உப்பை அழுத்தித் தேய்த்தார். சுறாவுக்கு உப்புப் போடுவது போலத்தான். அரை மணி நேரம் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மருத்துவர் வந்து பார்த்துக் கைகுலுக்கினார், உப்புக் கையோடு. முப்பது வருடக் கனவு இது என்று என்னிடம் சொன்னார். மாமாவிடம் சொன்னேன்.

"திங்கறதுக்கு இல்லையாமே?"

"கறி கரையோர ஊருக்குக் குடுத்துடுவாங்களாம் மாமா. இவருக்குத் தலையும் தோலும்தான்."

"தலைய வெச்சிகினு இன்னா பண்ணுவான்?"

"சுவத்துல மாட்டுவாராம்."

மாமா கையை உதறினார். "எங்களுக்கு மாட்டறதுக்குக்கூட ஒன்னும் திரும்பி வரல" என்று சொல்லிவிட்டு, ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

*

மூன்றாம் நாள் மருத்துவரும் வழிகாட்டியும் கரையில் இறங்கிப் போன பிறகு, மார்கரெட் பைனாகுலரோடு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிஸ்கட் கொடுத்தார். "எனக்கு இது பிடிக்காது. அவர் திரும்பி வரும் வரை மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன்" என்றார். உங்கள் கணவருக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள், வருந்துகிறேன் என்றார். வெறுக்க வேண்டும் என்று நினைத்து வந்தவர்களில் ஒருவர் அவர். எனக்கு முடியவில்லை. காத்திருக்கும் பெண் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறாள், நாற்காலியின் நுனியில்.

கீழேயிருந்து மாமா கூப்பிட்டார். குரல் சரியில்லை. ஓடினேன்.

படகின் பின்பக்கக் கம்பியில் நீளமான மூங்கில் கழி ஒன்று செருகியிருந்தது. நுனியில் வளைந்த கத்தி ஒன்று நைலான் கயிற்றால் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. மாமா அந்தக் கட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது நம்ம கட்டு. கட்டுமரத்துக்குப் போடற கட்டு. நான் போடறது. இங்க எவன் போட்டான்?"

லக்சன் அருகில் வந்தார். அவர் சொன்னதை நான் அப்படியே மாமாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"உங்கள் மகன் செய்தது. இங்கே திருட்டு வலைகள் அதிகம். மாதம் ஒரு முறையாவது புரோப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். முன்பெல்லாம் கரைக்கு இழுத்துப் போய்த்தான் எடுப்போம். அவர் வந்து இதைச் செய்தார். மேலேயே படுத்துக்கொண்டு அறுக்கலாம். என் மனைவி முதலை இருக்கும் ஊர்க்காரி, அவளுக்காகச் செய்தேன் என்றார். எங்களை யாரும் தண்ணீரில் கால்கூட நனைக்க விட மாட்டார்."

நான் நிறுத்திவிட்டேன். மாமா என்னைப் பார்த்தார். "மேல சொல்லு" என்றார்.

லக்சன் தொடர்ந்தார்: அவர் போன அன்றைக்கு ஒரு நீர்யானையைச் சுட்டிருந்தார்கள். வந்தவர், இப்போதைய மருத்துவர் இல்லை, வேறு யாரோ, அதன் வாயைத் திறந்து வைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டார். திறந்த வாய் நிற்க ஒரு முட்டு வேண்டும். யாரோ இந்தக் கழியை எடுத்துப் போனார்கள். படம் எடுத்த பிறகு கரையிலேயே மறந்துவிட்டு வந்தார்கள்; மறுநாள்தான் அது திரும்பி வந்தது. படகு கிளம்பி, செத்த மரங்களுக்குப் பக்கத்தில் வரும்போது வலை சுற்றியது. காற்று எழும்பியிருந்தது. இன்ஜின் இல்லாத படகை மரங்களின் மேல் தள்ளிக்கொண்டு போனது. என் கணவர் கழியைத் தேடினார். இல்லை.

"எல்லோரையும் உட்காரச் சொன்னார். சட்டையைக் கழற்றினார். நான் வேண்டாம் என்று பிடித்தேன். ஒரு நிமிஷம் என்றார். கட்டிலிலிருந்து இறங்குவது போல இறங்கினார். ஒரு முறை மேலே வந்து, அறுத்த வலையை என் கையில் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று மறுபடி முழுகினார். அதையும் அறுத்துவிட்டார். இன்ஜின் போட்டபோது ஓடியது. அவர்தான்..."

லக்சன் தன் இரண்டு கைகளையும் சேர்த்து, வாய் போலத் திறந்து, மூடினார்.

எனக்கு அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை.

"நீ சொல்ல வேணாம் அம்மாடி" என்றார் மாமா. "கை சொல்லிடுச்சி."

லக்சன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதில் பச்சை நைலான் வலை, ஒரு பிடி. எறிய மனம் வரவில்லை என்றார். மாமா அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அறுபட்ட ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

"ஒரே இழுப்பு. பிசிறு இல்ல பாரு. நல்லா அறுத்துருக்கான்."

பிறகு கீழே உட்கார்ந்தார். "எட்டு வயசுல நான்தான் எறக்கி வுட்டேன். பயந்தான். முதுவுல ஒன்னு போட்டு எறக்கி வுட்டேன். கத்துக் குடுக்காம இருந்திருந்தா கழிய எடுத்தாரப் போயிருப்பான்."

நான் அழுது பயந்ததால் கழி செய்தார். அது என்ன வழி என்று அன்றே கேட்டிருந்தால், அதைக் கையோடு வைத்திருங்கள் என்றாவது சொல்லியிருப்பேன். இதை மாமாவிடம் சொன்னேன். "நாம ரெண்டு பேரும் சேந்துதான் அனுப்பி வெச்சோம்" என்றார். திட்டு மாதிரி இல்லை அது. இருந்த இடத்தை நகர்ந்து, எனக்கும் உட்கார இடம் விட்டார்.

*

நான்காம் நாள் காலை, வேட்டைக்காரர்களைக் கரையில் விட்டுவிட்டு லக்சன் எங்களைச் சின்னப் படகில் அந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். செத்த மரங்களில் ஒன்று இரண்டாகப் பிளந்து நின்றது, அதுதான் அடையாளம். இன்ஜினை நிறுத்தினார். கரிபா கடையில் வாங்கிய அரிசி, பெட்டிப் பால். எள் கிடைக்கவில்லை. எள் இல்லாமல் செய்தால் சேருமா என்று கேட்டேன். "அவன் எள்ளுருண்டைகூடத் திங்க மாட்டான்" என்றார் மாமா.

அரிசியை மூன்று பிடி விட்டார். பாலை ஊற்றினார். வெள்ளையாகப் படர்ந்து கரைந்தது. பிறகு எழுந்து நின்றார். சின்னப் படகு, ஆனாலும் ஆடவில்லை. அவர் நிற்கும் விதம் அப்படி. கையை வாயோரம் குவித்து, கரையிலிருந்து படகைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார்.

"ஏ... பழனிவேலூ..."

குரல் செத்த மரங்களுக்குள் போய், கொஞ்சம் கழித்து லேசாகத் திரும்பி வந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார். குரல் நடுவில் உடைந்தது.

அப்போது கரைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று. உடனே இன்னொன்று. அத்தனை மரங்களிலிருந்தும் நீர்க்காகங்கள் ஒன்றாக எழும்பின. லக்சனின் வாக்கிடாக்கி கரகரத்தது. காட்டெருமை விழுந்துவிட்டது, படகு கொண்டு வா. அந்தக் கரகரப்பு, ஒரு நொடி தாமதித்து வரும் குரல். கயல் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மாமா உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒன்னு இருக்கு மாமா."

"தொண்ட வரல அம்மாடி. நீ கூப்டு."

"நான் எப்டி மாமா? ரத்த சொந்தம்னுதானே அத்தை..."

"இங்க வேற யாரு இருக்கா? கூப்டு."

நான் அவர் பெயரை இந்த மூன்று மாதத்தில் நூறு முறை எழுதியிருப்பேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில், கலெக்டர் அலுவலகத்தில், மின்னஞ்சல்களில். தொலைபேசியில் எழுத்து எழுத்தாக ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. படித்தவள்தானே என்று கல்யாணமான புதிதில் அவரே கேலி செய்திருக்கிறார். ஒரு தடவை சொல்லேன் என்று கெஞ்சியும் இருக்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

லக்சனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பெயர் பல் வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தேன்.

"என்னங்க" என்றுதான் வந்தது.

பெரிய குரல்கூட இல்லை. சோறு ஆறுகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிடும் குரல். மரங்கள் வரை போயிருக்குமா என்றே சந்தேகம். திரும்பி ஒன்றும் வரவில்லை. மறுபடி சரியாகக் கூப்பிட்டுவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். அப்படியானால் நாலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மாமா தண்ணீரைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஆட்டினார். லக்சன் இன்ஜினைக் கிளப்பினார்.

கரையில் காட்டெருமை சரிந்து கிடந்தது. மருத்துவர் முகம் குழந்தை முகமாக இருந்தது. தலையைத் தூக்கி நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், பெரிய படகில் ஒரு கழி இருக்கிறதே, அதை எடுத்து வா என்று வழிகாட்டி சொன்னார். லக்சன் நகரவில்லை. "அது அந்த வேலைக்கு இல்லை" என்றார். பிறகு தானே காட்டுக்குள் போய் ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்தார். வழிகாட்டி ஏதோ முணுமுணுத்தார். மருத்துவர் எங்களைப் பார்த்துவிட்டு, படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

*

சிதம்பரத்தில் கயலைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினோம். இளைத்திருந்தாளா, எனக்கு மட்டும் அப்படித் தெரிந்ததா. என் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள், காதில் வைத்துக் கேட்டாள், திரும்ப வைத்தாள். மாமா வழியெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

அத்தை வாசலில் நின்றிருந்தார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"முழுவித்தான் போனானா?"

"இல்ல" என்றார் மாமா. "வலை சுத்திகிச்சி. எறங்கி அறுத்தான். வேலைய முடிச்சிட்டான்." பையை நீட்டினார்.

அத்தை வலையைக் கையில் வாங்கினார். மாமா செய்தது போலவே அறுபட்ட ஓரத்தில் விரலை ஓட்டினார். அதற்கு மேல் எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று விமானத்தில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

"மூணு தடவ கூப்டீங்களா?"

"கூப்டோம். மூணாவது இவ கூப்டா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "பேரச் சொல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் முறைப்படி முடிந்த மாதிரி இருந்திருக்கும். மாமாவும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.

"இல்லத்த" என்றேன். "எப்பவும் கூப்புடற மாதிரிதான் வந்துச்சி."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நாற்பது வருடமாக மாமாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அப்ப கேட்டுருப்பான்" என்றார்.

எழுந்து போய், கொடியில் கிடந்த கைலியை எடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. உதறி, நான்காக மடித்து, வலையை அதற்குள் வைத்தார்.